பெருக்கல் கணக்கும் ரெண்டு வட்டியும்

"சிங்கப்பூர்ல 800 வெள்ளியாம், நம்ம காசுக்கு ஐம்பதாயிரம்!" மாகறல் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பெருக்கலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கொஞ்சம் படித்தவர் பக்கத்தில் இருந்தால் உடனே திருத்துவார்: "அங்க செலவும் அப்படித்தானே? வாங்கும் திறனைப் பார்க்கணும்." இந்தக் குறிப்பில் ரெண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அதிகமாக, ரெண்டாமவரோடு.

அவர் சொல்வது வாங்கும் திறன் சமநிலை, அதாவது பிபிபி. உலக வங்கி ஒருங்கிணைக்கும் விலை ஒப்பீட்டின்படி, 2017-இல் சந்தையில் ஒரு டாலர் 65.12 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே வாங்க சராசரியாக 20.65 ரூபாய் போதும். ஏன்? முடி வெட்டுவதையும் இட்லியையும் கப்பலில் ஏற்றி விற்க முடியாது. அவற்றின் விலை உள்ளூர்க் கூலியோடுதான் ஓடும். இங்கே கூலி குறைவு, அதனால் விலையும் குறைவு. இதை ஏதோ சலுகை மாதிரி பேசுகிறோம். முடி வெட்டிக்கொள்பவருக்குச் சலுகைதான். வெட்டுபவருக்கு அதுதானே சம்பளம்?

கப்பலில் ஏறும் சரக்கு விஷயம் வேறு. 2023-இல் ஐபோன் 15 வந்தபோது அமெரிக்காவில் வரி நீங்கலாக 799 டாலர், இந்தியாவில் 79,900 ரூபாய். இத்தனைக்கும் அதைச் செய்கிற ஃபாக்ஸ்கான் ஆலை நம்ம மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில்தான் இருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதை வாங்குகிறவருக்கு அந்த போன் சுமார் 14 நாள் உழைப்பு. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 294 ரூபாய் கூலி. 272 நாள்! அப்போது வருஷத்துக்கே நூறு நாள்தான் வேலை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர் ஐபோன் வாங்கப் போவதில்லை, சரி. பொண்ணு கல்யாணத்துக்குத் தங்கம் வாங்கணுமே? தங்கத்துக்கு உத்திரமேரூர் விலை, சிங்கப்பூர் விலை என்று பெரிய வித்தியாசம் கிடையாது.

இப்போது அந்த 800 வெள்ளிக்கு வருவோம். கட்டட வேலைக்கு வொர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, சட்டம் விடாது. அவர் சம்பாதிப்பது அங்கே, குடும்பம் செலவழிப்பது இங்கே. பிபிபி ஒரே இடத்தில் சம்பாதித்து அங்கேயே செலவு செய்கிறவருக்கான கணக்கு. டார்மிட்டரியில் படுத்துக்கொண்டு ஊருக்குப் பணம் அனுப்புகிறவரிடம் போய் "சிங்கப்பூர்ல வாடகை தெரியுமா?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. டீக்கடைப் பெருக்கல் அவருக்கு ஓரளவு பொருந்தும்.

ஓரளவுதான். சாப்பாடு, போன் எல்லாம் 250 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மீதி 550. வெள்ளிக்கு 63 ரூபாய் என்றால் ஊருக்கு வருவது 34,650. ஏஜென்டுக்கு மூணு லட்சம் கட்டியிருக்கிறார், ரெண்டு வட்டிக்கு வாங்கிய கடன் என்று வையுங்கள். வட்டி மட்டும் மாதம் 6,000. பெர்மிட் பொதுவாக ரெண்டு வருஷம். அதற்குள் அசலை அடைக்க மாதம் 12,500. ஆக முதல் மாதம் வீட்டுக்கு நிற்பது 16,150. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும், உண்மைதான். ஆனாலும் முதல் ரெண்டு வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி கடனுக்கே போகிறது. லாபம் என்று ஒன்று இருந்தால் அது ரெண்டாவது பெர்மிட்டில்தான், அதுவும் திரும்ப ஏஜென்டுக்குக் கட்டாமல் புதுப்பித்தால். அதைப் புதுப்பிப்பது முதலாளி கையில். சம்பளத்தை ஒப்பிடுகிற எந்தப் பட்டியலிலும் இந்த வரி இருக்காது.

அதே நகரத்துக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகிற இன்ஜினியருக்கு இது எதுவும் ஒட்டாது. மாதம் 6,000 வெள்ளிக்கு மேல் வாங்கினால் மனைவி, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். போனதும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அவர் தலையில். வாங்கும் திறன் பேசவேண்டியது இவரிடம்தான்.

சரி, ஊரிலேயே இருந்தால்? 2024 செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது செய்திகளில் வந்த சராசரிச் சம்பளம் மாதம் சுமார் 25,000. மூணு வருஷத்தில் 36,000 ஆக்கணும் என்பது கோரிக்கை. வட்டாரத்தில் இதே வேலைக்குக் கிடைப்பதைப் போல 1.8 மடங்கு தருகிறோம் என்றது நிறுவனம். இதுவும் ஒரு பெருக்கல்தான்! பக்கத்து ஆலை எவ்வளவு குறைவாகத் தருகிறது என்பதைத்தான் அந்த 1.8 சொல்கிறது.

மேலே போட்ட கணக்குப்படி, கடன் இருக்கும்வரை இந்த 25,000 சிங்கப்பூரை ஜெயிக்கிறது. ராத்திரி வீட்டுக்கு வரலாம், ரேஷன் அரிசி உண்டு, வீட்டுப் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனால் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கி வைத்த மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வராது. அதற்குக் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு ரெண்டரை லட்சம். 25,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் மூணு லட்சம்.