கே.வி. மகாதேவன்: சொல்வழி நடந்த இசை

கே.வி. மகாதேவன் என்றதும் கர்நாடக இசையைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெருமை அவருக்கு முன்பே பாபநாசம் சிவனுக்கும் ஜி. ராமநாதனுக்கும் போய்விட்டது. மகாதேவனின் தனித்தன்மை வேறு. பெரும்பாலும் எழுதிய வரியைக் கையில் வாங்கிக்கொண்டு மெட்டமைத்தவர் அவர். வரியின் பொருளும் காட்சியின் தேவையும்தான் அவருடைய ராகத்தை முடிவுசெய்தன.

'திருவிளையாடல்' (1965) இதற்குச் சரியான சோதனை. டி.எஸ். பாலையா நடித்த ஹேமநாத பாகவதருக்கு பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். பாட்டு ராகமாலிகை. கண்ணதாசன் தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகப் பெயர்களை வரிகளுக்குள் பொதிந்துவைக்க, பெயர் வரும் இடத்தில் மெட்டும் அந்த ராகத்துக்குள் போகிறது. வித்தைச் செருக்கைக் காட்ட இதைவிடப் பொருத்தமான வடிவம் ஏது? சிக்கல் அதன் பிறகுதான். விறகு விற்பவனாக வந்த சிவன் இந்தப் பாட்டை வென்றாக வேண்டும். சிவனுக்குக் குரல் கொடுத்த டி.எம். சௌந்தரராஜன் ராக வித்தையில் பாலமுரளியை வெல்ல முடியாது. மகாதேவன் அந்தப் போட்டிக்கே போகவில்லை. பல ராகங்களுக்கு எதிரே கௌரிமனோகரி ஒன்றை மட்டும் நிறுத்தினார். பாட்டு நின்றால் உலகமும் நிற்கும் என்ற இடத்தில் மௌனத்தையும் பாட்டின் பகுதியாக்கினார். பாகவதர் ஊரைவிட்டு ஓடுவதை நாம் நம்புகிறோம் என்றால், இந்த முடிவுதான் காரணம்.

'தில்லானா மோகனாம்பா'ளிலும் (1968) இதே அறிவுதான். நலம் விசாரிக்கும் சுசீலாவின் குரலுக்கு, மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் மறுமொழி சொல்கிறது. கேள்வி பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே நிற்கிறது. சங்கதிகள் அதை மூடவில்லை.

குறையையும் சொல்லியாக வேண்டும். தேவர் பிலிம்ஸுக்கு அவர் வரிசையாக இசையமைத்த எம்.ஜி.ஆர். படங்களில் இடையிசை பல இடங்களில் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) விஸ்வநாதன் – ராமமூர்த்தி வாத்தியங்களைக் கொண்டு செய்த துணிச்சலுக்கு அவரிடம் ஈடு இல்லை. பின்னணி இசையிலும் அவர் பெரும்பாலும் வழக்கத்தைத் தாண்டவில்லை. பாடும் சொல் இல்லாத இடத்தில் அவருடைய கற்பனை மங்கிவிடுகிறது என்பதே என் கணிப்பு.

'சங்கராபரண'த்தில் அந்தச் சொல் மீண்டும் அவருக்குக் கிடைத்தது. கர்நாடக இசையை முறையாகப் பயிலாத எஸ்.பி. பாலசுப்ரமணியம் ஒரு சங்கீத மேதைக்குக் குரல் கொடுத்து தேசிய விருது பெற்றார். வித்வான்களுக்கு உரிய இசையை அதன் கண்ணியம் குறையாமல் அவர் பாடக்கூடிய வடிவில் தந்ததும், கேட்பவர் உடன் பாடும்படி செய்ததும் எளிய காரியமல்ல. சிறந்த இசையமைப்பாளருக்கான முதல் தேசிய விருதைக் 'கந்தன் கருணை'க்காக (1967) வாங்கிய மகாதேவனுக்கு, 'சங்கராபரணம்' இரண்டாவது தேசிய விருதைத் தந்தது.

வாத்திய அமைப்பில் அவரை முதல் வரிசையில் வைக்க மாட்டேன். தமிழ்ச் சொல்லுக்கு இசை தந்தவர்களில் அவருக்கு மேலே ஒருவரை வைக்கவும் என்னால் முடியவில்லை. அந்த இடம் அவருக்கு மட்டும் உரியதும் அல்ல: ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் உதவியாளராக உடனிருந்து, பாடகர்களுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்த புகழேந்திக்கும் அதில் பங்குண்டு. வானொலியிலும் மேடையிலும் இந்தப் பாடல்களை அறிவிப்பவர்கள் இனியாவது இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லட்டும்.