குடுமி வழக்கும் கால்டுவெல் ஐயரும்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயர், 1867இல் குடுமி பற்றிச் சிறுநூல் ஒன்றும் எழுதினார் என்பதை அறிந்தார் சிலரே. தமிழ்க் கிறித்தவ ஆடவர் குடுமி வைத்துக்கொள்ளலாமா, களைதல் வேண்டுமா என்பது அந்நாளில் மிஷனரிமாரிடையே நிகழ்ந்த வழக்கு. அது புறச்சமயக் குறி என்றனர் ஒரு சாரார். நாட்டு வழக்கமே என்பது ஐயர் துணிபு.

எதிர்ப்போர்க்கு இக்காலத்தும் பற்றுக்கோடாவது கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரம். பம்மலில் யாம் வாழும் தெருவிலும் முடி வளர்த்த இளைஞரை மூத்தோர் அதனைக் காட்டியே கடிவர்; அம்மூத்தோர் இல்லத்துச் சுவரிலோ அவர்தம் பாட்டனார் குடுமியோடு நிழற்படத்தில் வீற்றிருப்பார்!

ஆடவர்க்கு நீள்மயிர் இழிவென்பதை இயற்கையே கற்பிக்கும் என்கிறார் பவுல் அடிகள். 'ஃபுசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைத் தமிழ்ப் பெயர்ப்பு 'சுபாவம்' என்று தருகின்றது. இயற்கையெனின் அது யாண்டும் ஒன்றாதல் வேண்டும். ஆயின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து நசரேய நோன்பினர் மயிர் களையாமையையே நோன்பாகக் கொண்டனர். தமிழ் வழக்கும் இதற்குத் துணை நிற்கும். குஞ்சி, பித்தை, பங்கி, ஓரி என்பன ஆடவர் மயிர்க்குரியன. கூந்தல், ஓதி, ஐம்பால் என்பன மகளிர்க்குரியன. இவ்வழக்கு பாலை நோக்கியதேயன்றி நீளத்தை நோக்கியதன்று. இருபால் வேறுபாடு விளங்கவேண்டும் என்பதே அடிகளார் கருத்தாயின், அதனைத் தமிழர் மயிர் குறைக்காமலே காத்தனர் என்க. புறநானூற்று 77ஆம் பாட்டில் நெடுஞ்செழியன் களைந்த குடுமியும் இளம்பருவத்தின் அடையாளமாகவே நிற்கின்றது. வழிபாட்டின் குறியாக அன்று. இதுகாறும் யாம் ஐயர் பக்கமே.

ஆயினும், சமயக் குறியன்று என நிறுவிய அளவில் வழக்கு முடிந்துவிடுமா? 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகராகிய தெ நொபிலியும் பூணூலும் குடுமியும் உலகியற் குறிகள் என்றே வாதிட்டார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியின் இசைவையும் பெற்றார். அவ்வாதத்தின் உள்ளீட்டை நோக்குமின். பூணூல் குலச்சிறப்பின் அடையாளம், ஆதலின் குற்றமற்றது என்பதன்றோ அது? குலச்சிறப்பைக் காட்டும் குறி, யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை என்று கற்பிக்கும் சபையுள் தெய்வத்தைக் காட்டும் குறியினும் எளியதாகிவிடாது. குடுமியைப் பூணூலோடு ஒருங்கு எண்ணிக் காத்தோர் உளராதலின், குடுமிக்கும் இவ்வினா உரியதே. அதற்கு 'நாட்டு வழக்கம்' என்னும் ஐயர் விடை போதாது.