குமரப்பாவின் ஊரில் சிஎன்சி பலகை

மரத்தில் எழுத்தும் உருவமும் செதுக்கும் சிஎன்சி எந்திரத்தை எடைபோட ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டியைச் சொல்வேன். அங்கே அந்த எந்திரங்கள் அதிகம் ஓடுகின்றன என்பதற்காக அல்ல. கைத்தொழிலுக்கும் எந்திரத்துக்கும் நடுவே உள்ள வழக்கை வாழ்நாள் முழுக்க வாதாடிய காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர் அது. 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கியவர், 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில் காலமானார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, எண்களைப் படித்துத் தானே நகரும் வெட்டு எந்திரம் அமெரிக்காவின் எம்ஐடியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது 1952-இல். ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைப் பிசகில்லாமல் செய்ய வழி தேடிய ஜான் பார்சன்ஸின் யோசனை அது. பணம் போட்டது அமெரிக்க விமானப் படை. அதன் வழிவந்த எந்திரம்தான் இன்று தேக்குப் பலகையில் ‘அன்னை இல்லம்’ என்று செதுக்குகிறது.

குமரப்பா லண்டனில் கணக்காய்வு பயின்றவர். எந்திரம் என்றாலே வேண்டாம் என்று சொன்னவரில்லை. அது யார் கையில் இருக்கிறது, எந்தப் பொருளைத் தின்கிறது, மனிதனின் வேலையை என்னவாக்குகிறது என்று வரவு செலவு பார்த்தவர். இந்தப் பலகையைப் பார்த்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. அவருடைய அளவுகோல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பொருள். ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி 1945-இல் எழுதிய நூலில் அவர் இயற்கையின் செல்வத்தை இரண்டாகப் பிரித்தார். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பு ஒன்று: நிலக்கரி, பெட்ரோலியம், உலோகம். வளர்ந்து வந்துகொண்டே இருக்கும் ஓட்டம் மற்றொன்று: மரம், நார், தானியம். இருப்பைத் தின்னும் வாழ்க்கை சண்டையில்தான் முடியும் என்பது அவர் வாதம். நம் கடைத்தெருக்களில் இந்தக் கோலை வைத்து அளந்தால் விடை உடனே கிடைக்கிறது. ஃப்ளெக்ஸ், அக்ரிலிக் இரண்டும் பெட்ரோலியத்தின் பிள்ளைகள். ஏசிபி தகடு அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. ஃப்ளெக்ஸ் நம் வெயிலில் சில வருடத்தில் வெளிறிக் கிழிந்து குப்பைக்குப் போகிறது. மரப்பலகையை இழைத்து, எண்ணெய் பூசி மறுபடி மாட்டலாம். கடைசியில் அடுப்புக்காவது ஆகும். ஆக, மரத்தில் பெயர்ப்பலகை செய்வது மலிவாகவும் வேகமாகவும் நடக்க ஓர் எந்திரம் உதவுகிறது என்றால், அது குமரப்பாவின் பக்கம் நிற்கும் எந்திரம்தான்.

ஆனால் ‘மரப் பலகை’ என்று விற்கப்படுவதெல்லாம் மரமில்லை. மல்டிவுட் என்று கடைகளில் கிடைப்பது பிவிசி நுரைத் தகடு. கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊதாது, எந்திரத்தின் வெட்டுமுனையான பிட் வழுக்கிக்கொண்டு போகும். எந்திரம் வைத்திருப்பவருக்குத் தொல்லையே இல்லாத பொருள். எம்டிஎஃப் மரநாரையும் பசையையும் அழுத்தியது. ஒரு மழைக்காலத்தில் ஓரம் உப்பிவிடும். இவற்றின்மேல் மரநிறம் அடித்து வாசலில் மாட்டினால் முதல் அளவுகோலிலேயே தோல்வி. தேக்கிலும் கணக்கு முழுதாக நேராகவில்லை: மரக்கடைகளில் உள்ள தேக்கில் ஒரு பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருவது. வேம்பும் வாகையும் பூவரசும் நம் கரிசல் பக்கத்திலேயே வளர்கின்றன. பெயர்ப்பலகைக்கு ஒன்றரை அங்குலக் கனத்தில் நன்றாகக் காய்ந்த வேப்பம்பலகை போதாதா என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

இரண்டாவது, வேலை. இங்கேதான் எந்திரத்துக்கு எதிரான வாதம் வலுவானது. அதை அதன் முழு வலுவோடு வைக்க வேண்டும். உழைப்பில் சலிப்பூட்டும் பகுதியும் மனத்தை நிறைக்கும் பகுதியும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்தே மனிதனை வளர்க்கின்றன. ஆலை இரண்டையும் பிரித்து, சலிப்பைத் தொழிலாளிக்கும் நிறைவை வேறொருவருக்கும் கொடுக்கிறது என்பது குமரப்பாவின் குற்றச்சாட்டு. இங்கிலாந்தின் மரவேலை வல்லுநர் டேவிட் பை 1968-இல் வேறொரு கோணத்திலிருந்து இதைத் தொட்டார். ஒவ்வொரு வெட்டிலும் கெட்டுப்போகக்கூடிய வேலை ஒன்று, தொடங்கும் முன்பே முடிவு தீர்மானமாகிவிட்ட வேலை மற்றொன்று. உளியும் கொட்டாப்புளியும் பிடித்த ஆசாரி செய்வது முதல் வகை. சிஎன்சி இரண்டாம் வகையின் உச்சம். எட்டடிக்கு நான்கடி மேசையில் பலகையை இறுக்கி, ஃபைலை ஏற்றி, பொத்தானை அழுத்தினால் நிமிடத்துக்கு 18,000 முதல் 24,000 சுற்று சுற்றும் ஸ்பிண்டில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவருக்குத் தூசி உறிஞ்சும் குழாயை நகர்த்துவதும் மின்சாரம் போய்விடக் கூடாதே என்று கவலைப்படுவதும்தான் வேலை.

இந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். எழுத்துப்பலகைக்கு அது அப்படியே பொருந்தாது. கையால் செதுக்கிய காலத்திலும் பலகையில் எழுத்தை வரைந்தவர் பெரும்பாலும் ஆசாரி இல்லை. ஓவியர் தாளில் எழுதித் தருவார். ஆசாரி கார்பன் வைத்து அதைப் பலகையில் ஏற்றி, கோட்டுக்கு வெளியே உள்ள மரத்தைக் கால் அங்குல ஆழத்துக்குக் கொத்தி எடுப்பார். அந்தக் கொத்தல் பல நாள் இடுப்பொடியும் வேலை. அதில் கலைக்கு இடம் குறைவு. அந்தச் சுமையை எந்திரம் எடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் தாளில் எழுதித் தந்தவரைப் பற்றியது. ஃப்ளெக்ஸ் வந்தபோது தூரிகையைக் கீழே வைத்தவர் அவர்தான். சிஎன்சி பட்டறை அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

இதன் விளைவைப் பலகையிலேயே காணலாம். எழுத்தை உள்ளே குழித்துச் செதுக்கப் பட்டறையில் எடுப்பது வி-பிட். நுனி கூம்பாக இருக்கும். 90 பாகை வி-பிட்டில் கோடு 12 மில்லிமீட்டர் அகலம் என்றால் பிட் 6 மில்லிமீட்டர் இறங்கும். கோடு 4 மில்லிமீட்டராகக் குறுகும் இடத்தில் 2 மில்லிமீட்டருக்கு ஏறிவிடும். அதாவது கோட்டின் அகலமே ஆழமாகிறது. தட்டையான தூரிகையால் எழுதிய ‘அ’வை நினைத்துப் பாருங்கள்: சுழியில் மெலிந்து, வயிற்றில் தடித்து, இறங்கும் காலில் மறுபடி மாறும். அந்த எழுத்தை இந்த பிட்டுக்குக் கொடுத்தால் பள்ளத்தின் அடி அலைபோல ஏறி இறங்கும்; மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வளைவிலும் நிழல் வேறு வேறாகத் தேங்கும். ‘ட’, ‘ப’ போன்றவற்றின் மூலையில் பிட் மெல்ல மேலேறி வந்து, உளியால் குத்தி எடுத்த மாதிரிக் கூரான மூலையைத் தரும். நேரான பிட்டால் இது முடியாது. தன் உருளை வட்டத்தை மூலையில் விட்டுவிட்டுத்தான் போகும். மரத்துக்காகவே எழுத்தை வரையும் ஒருவர் கையில் கிடைத்தால் இது எவ்வளவு நல்ல கருவி!

நடப்பது வேறு. செதுக்கு மென்பொருள்களில் பழையவை பல தமிழ் யூனிகோடைச் சரியாகக் கோக்கத் தெரியாதவை. கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் நிற்கும். அதனால் அச்சுக்கோப்பு வேலைக்காக என்றோ செய்த பழைய எழுத்துருக்களில் சிலவற்றைக் கோட்டுருவமாக்கி ஏற்றுகிறார்கள். அவற்றில் பாதி, கோடு முழுக்க ஒரே தடிமன் உள்ளவை. அதை வி-பிட்டுக்குக் கொடுத்தால் பலகை முழுக்க ஒரே ஆழத்தில் ஒரு வாய்க்கால் ஓடும். தூரத்திலிருந்து படிக்கலாம், கிட்டே போய்ப் பார்க்க அதில் எதுவுமில்லை. தமிழ்நாட்டு விதிப்படி கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும். எழுத்தின் அளவுக்குச் சட்டம் போட்ட நாம் அதன் வடிவத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எழுத்தைப் புடைப்பாக நிறுத்தினால் இன்னொரு குறை தெரியும். ‘ண’, ‘இ’ போன்றவற்றின் சுழிகள் மெல்லிய சின்னத் திட்டுகளாக நிற்கும். மர ரேகை அந்தத் திட்டுக்குக் குறுக்காக ஓடினால் அரை அங்குலம்கூட நீளமில்லாத நார்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிட்டின் ஓர் உதைக்கு அது பறந்துவிடும். ரேகை திரும்பும் இடத்தை ஆசாரியின் கை முன்கூட்டியே உணர்ந்து உளியை எதிர்ப்பக்கம் திருப்பும். எந்திரம் போட்ட பாதையிலேயே போகும். போன திட்டைப் பிசின் வைத்து ஒட்டி, மரப்பொடியும் ஃபெவிகாலும் குழைத்து மறைத்து, மேலே பாலிஷ் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கோடை போனால் அந்த இடம் மட்டும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். மரம் தெரிந்த ஒருவர் ஃபைலைப் பார்த்து, பலகையை எந்தப் பக்கம் படுக்க வைப்பது, எந்தச் சுழியைத் தடிப்பாக்குவது என்று சொன்னால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஆசாரியின் அறிவு இங்கே வேலைக்கு வரும், கூப்பிடுவார் இல்லை.

எழுத்தைத் தாண்டி உருவத்துக்குப் போனால் என் தீர்ப்பு கடுமையாகிறது. யானை, மயில், பூஜை அறைக் கதவுக்குப் பிள்ளையார், லட்சுமி: இவற்றுக்கு விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கும் ஃபைலை வாங்கி, உருண்டை நுனியுள்ள பால்நோஸ் பிட்டால் வரிவரியாக உழுகிறார்கள். வரிக்கு வரி 0.3 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு 1,000 தடவை ஓட வேண்டும். எந்திர நேரம் காசு. ஆகவே இடைவெளியைக் கூட்டுவார்கள், வரிகள் தெரியும், உப்புத்தாளால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது முதலில் போவது மூக்கும் கண்ணிமையும் விரல் நுனியும். மூன்றச்சு எந்திரம் மேலிருந்து கீழேதான் பார்க்கும். உதட்டுக்கு அடியிலோ காதுக்குப் பின்னாலோ நுழைந்து குடைந்து எடுக்க அதனால் ஆகாது. அந்தக் குடைவுதான் முகத்துக்கு உயிர் தரும் நிழல். அதைக் கையால் செய்யும் மரபுகளில், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரபே மதுரைப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஒரே ஃபைலிலிருந்து நூறாவது தடவையாக வந்த பிள்ளையாரைக் கைவேலை என்று சொல்லி விற்பவர் அந்தச் சிற்பிக் குடும்பங்களின் கூலியை எடுத்து விற்கிறார். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

இனி, எந்திரம் யார் கையில் என்ற கேள்வி. 1934-இல் காந்தி தொடங்கி, குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியில் வந்தது காதி கிராமத் தொழில் ஆணையம். அந்த ஆணையத்தின் வழியாகவே நடக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு இப்போது 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு அனுமதிக்கப்படுகிறது; கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25, சிறப்புப் பிரிவினருக்கு 35 விழுக்காடு மானியம். ஒரு சிஎன்சி பட்டறை இதற்குள் தாராளமாக அடங்கும். இதை முரண் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். கேள்வி வேறு: இந்தக் கடனை எடுத்து எந்திரம் வாங்குபவர் மரத்தை அறிந்த ஆசாரியா, முதல் போட முடிந்த வேறொருவரா? பின்னவர் என்றால் ஆசாரி அதே பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கும் நாள்கூலியாக நிற்பார். குமரப்பா சொன்ன பிரிவினை அங்கேதான் நடக்கிறது. சுற்றுவட்டாரத்து ஆசாரிகள் சேர்ந்து ஒரு பொதுப் பட்டறை வைத்து, மணிக்கணக்கில் எந்திரத்தை வாடகைக்கு ஓட்டிக்கொண்டால் கணக்கு மாறும். கல்லுப்பட்டி இருக்கும் பேரையூர் வட்டத்துப் பெயர்ப்பலகைத் தேவைக்கு ஒன்றோ இரண்டோ எந்திரம் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கிக் கடன் கட்டுவதற்கு இங்கே வேலை இல்லை.

தூசியை யாரும் பேசுவதில்லை. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. எம்டிஎஃப் தூசி இன்னும் நுண்மையானது, பசையும் கலந்தது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க எந்திரத்தருகே நிற்கும் பையன்களுக்கு அது போதாது. உறிஞ்சு எந்திரமும் முறையான முகமூடியும் இல்லாத பட்டறையின் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நான் வாங்கமாட்டேன்.

ஆகவே என் முடிவு இது. உள்ளூர் மரத்தில், குழித்த எழுத்தில் செய்யும் பெயர்ப்பலகைக்கு சிஎன்சி தகுதியான கருவி. ஃப்ளெக்ஸையும் அக்ரிலிக்கையும் விட எல்லா வகையிலும் மேல். மல்டிவுட்டில் செய்ததை மரம் என்று விற்கக் கூடாது. தெய்வ உருவத்துக்கும் புடைப்புச் சிற்பத்துக்கும் முரட்டு மரத்தைக் கழிக்கும் அளவோடு எந்திரம் நிற்க வேண்டும்; முகம் உளியின் வேலை. இன்று கையில் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலானவை தேறவில்லை. அதற்குக் காரணம் எந்திரத்தின் முன் வைக்கப்படும் வெற்று எழுத்து. நான்கைந்து சொல் உள்ள ஒரு வீட்டுப் பலகைக்கு எழுத்தை வரைந்து ஸ்கேன் செய்து கொடுக்க, பழகிய ஓவியருக்கு அரை நாள் ஆகும். பட்டறை பில்லில் மரத்துக்கு ஒரு வரி, எந்திர நேரத்துக்கு ஒரு வரி, பாலிஷுக்கு ஒரு வரி போடுகிறார்கள். நான்காவதாக எழுத்துக்கூலி என்று ஒரு வரி போடச் சொல்லி, வாங்குகிற நாமே கேட்க வேண்டும்.