‘அறிய விரும்பவில்லை’: ஸ்கேன் மையப் படிவத்தில் ஒலிக்கும் தாய்க்குரல்

ஆய்வுச் சுருக்கம்

கருவின் பாலினத்தை வெளியிடுவதைத் தடைசெய்யும் சட்டத்தின்கீழ்க் கருவுற்ற பெண் கையொப்பமிடும் ‘படிவம் எஃப்’ உறுதிமொழியை இக்கட்டுரை ஒரு பனுவலாக வாசிக்கிறது. அதில் ‘நான்’ எனப் பேசும் குரல் யாருடையது என்பதே ஆய்வு வினா.

முதன்மைச் சொற்கள்: படிவம் எஃப், தன்மைக் கூற்று, தாய்க்குரல், பிள்ளைத்தமிழ்.

முன்னுரை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் ஸ்கேன் மையத்திற்குச் செல்லும் கருவுற்ற பெண் இரு பனுவல்களை எதிர்கொள்கிறார். ஒன்று, கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது என அறிவிக்கும் பலகை. ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் அதனை வைத்தல் வேண்டும் என்பது விதி. மற்றொன்று படிவம் எஃப். இரண்டும் 1994இல் இயற்றப்பட்டு, 1996 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் திருத்தப்பட்ட சட்டத்தின்வழி அமைந்தவை. தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்த சூழலை நினைத்தால் இச்சட்டத்தின் தேவை விளங்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும், ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே தமிழகத்தில் இருந்தனர். எனவே இங்கு வினவப்படுவது சட்டத்தின் நோக்கமன்று, அதன் மொழியே.

செயலும் விருப்பமும்

பலகையின் தொடர் செயப்பாட்டுவினையில் அமைந்தது. பேசுவது அரசு, கட்டுப்படுவது மையம். படிவமோ தன்மை ஒருமையில் பேசுகிறது. அதில், பாலினத்தைக் கண்டறிந்து எவருக்கும் தெரிவிக்கவில்லை என மருத்துவர் உறுதியளிக்கிறார். இது செயல் பற்றிய கூற்று. பெண்ணோ, தம் கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்கிறார். இது விருப்பம் பற்றிய கூற்று.

இதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, அப்பெண் கணவராலோ பிற உறவினராலோ சோதனைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. அங்கு விருப்பம் ஒடுக்கப்பட்டவராகக் கருதப்படும் பெண், படிவத்தில் தம் விருப்பத்தை அறிவிப்பவராகிறார். கைரேகை வைப்பவராயின், அவரை அடையாளம் காட்டுபவரின் பெயரும் உறவுமுறையும் பதியப்படுகின்றன. அவர் கணவராகவோ மாமியாராகவோ இருக்கக்கூடும். ஆண்பிள்ளையை எதிர்நோக்கும் குடும்பத்தாரிடம் இத்தகைய உறுதிமொழி எதனையும் படிவம் கேட்பதில்லை.

இத்தொடர் பெண்ணுக்குக் கேடயமாகலாம் என்ற மறுப்பு எழலாம். வற்புறுத்தும் உறவினரிடம், ‘கையெழுத்துப் போட்டுவிட்டேன்’ என அவர் கூற இயலும். ஆயினும் அக்கேடயத்தை ஏந்தும் சுமையும் அவர்மீதே விழுகிறது.

இரவல் தாய்க்குரல்

தாயின் குரலைப் பிறர் ஏற்றுப் பேசுவது தமிழுக்குப் புதிதன்று. பெரியாழ்வார் யசோதையாகப் பாடினார். பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் அம்மரபைத் தொடர்ந்தனர். அங்குக் குரல் குழந்தையை நோக்கியது. பாடியவர் பெயரும் வெளிப்படை. படிவத்தின் தாய்க்குரல் அரசை நோக்கியது. அதில் எழுதியவர் மறைகிறார், எழுதாதவர் கையொப்பமிடுகிறார்.

அறியும் விருப்பம் எங்கெல்லாம் செல்லும் என்பதை 2024 மே மாத நிகழ்வொன்று காட்டியது. யூடியூபர் இர்ஃபான், துபாயில் அறிந்துகொண்ட பாலினத்தை விழாவில் வெளிப்படுத்தும் காணொளியை வெளியிட்டார். தமிழக மருத்துவத் துறை விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது, காணொளி நீக்கப்பட்டது. கடல் கடந்து செல்ல இயன்றவரின் விருப்பம் விழாவாகிறது. உள்ளூர் மையத்தையே நம்பியுள்ள பெண்ணிடமோ, விருப்பமே இல்லை என எழுதி வாங்கப்படுகிறது.

முடிவுரை

தடை தொடர வேண்டும். தொடரின் பயனிலை மாற வேண்டும். ‘அறிய விரும்பவில்லை’ என்பதற்கு மாற்றாக, ‘பாலினம் எவருக்கும் தெரிவிக்கப்படமாட்டாது என அறிவேன்’ என்று அமைத்து, அதில் கணவரும் கையொப்பமிடச் செய்யலாம். அப்போது சட்டம் தன் தடையைத் தானே பேசும்; பெண்ணின் விருப்பம் பெண்ணிடமே இருக்கும்.