அலமாரி வரையும் கணிப்பொறிக்கு அரிசி மூட்டையின் எடை தெரியுமா?

உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள சாமான்களையெல்லாம் எடுத்து ஒரு தராசில் வைத்தால் எத்தனை கிலோ இருக்கும்? வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. சில வாரங்களுக்கு முன் திண்டிவனத்தில் என் அக்கா வீட்டில் நாங்கள் உண்மையாகவே நிறுத்துப் பார்த்தோம். அரிசி மூட்டை 25 கிலோ, எண்ணெய் டின் 15 கிலோ, பருப்பு, புளி, உப்பு, கிரைண்டர், பண்டிகைக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும் பித்தளைப் பாத்திரங்கள் என்று எழுதிக்கொண்டே போனோம். எரிவாயு சிலிண்டரை நீக்கிவிட்டே 140 கிலோவைத் தாண்டிவிட்டது. இரண்டு பெரிய ஆட்களின் எடை இது.

நிறுக்க வேண்டிய தேவை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டில் பழைய சமையலறையை மாற்றிப் புதிய அலமாரிகள் அமைக்கிறார்கள். பொறியியல் படிக்கும் அக்காவின் மகன், வீட்டு வடிவமைப்பு மென்பொருள் ஒன்றைக் கொண்டு திட்டம் வரைந்து வைத்திருந்தான். மொத்தம் பதினோரு அலமாரிகள். ஒவ்வொன்றின் மீதும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர்ச்சீட்டு. வண்ணமும் வெளிச்சமும் நிழலும் நிழற்படம் போலவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து ரயிலேறிப் போயிருந்த என்னிடம் காட்டி, “எப்படி இருக்கு மாமா?” என்றான். நன்றாகத்தான் இருந்தது. நீளமான தட்டு ஒன்றைக் காட்டி, “இதில் என்ன வைப்பீர்கள்?” என்று அக்காவைக் கேட்டேன். “அரிசியும் எண்ணெயும்தான், வேறே என்ன?” என்றார். அங்கேதான் வினா பிறந்தது. அந்தத் தட்டு எதைத் தாங்கப் போகிறது என்று மென்பொருள் ஒருமுறையேனும் கேட்டதா?

இத்தகைய மென்பொருள்கள் இன்று நம் ஊர்களில் தச்சர், கொத்தனார், மாடுலர் கிச்சன் கடைக்காரர் என்று எல்லாரிடமும் வந்துவிட்டன. ஆகவே அவற்றின் நிறைகுறைகளைச் சற்று ஆராய்வது பயனுடையது எனக் கருதுகிறேன்.

முதலில் நிறை. ‘ஸ்கெட்ச்அப்’ என்னும் மென்பொருள் 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. 2006இல் கூகிள் நிறுவனமும் 2012இல் டிரிம்பிள் நிறுவனமும் அதை வாங்கின. ஒரு செவ்வகத்தை வரைந்து, அதைப் பிடித்து இழுத்தால் பெட்டியாக எழும்பும், அவ்வளவு எளிது. ‘ஸ்வீட் ஹோம் 3டி’ என்பது பிரான்சு நாட்டவரான எம்மானுவேல் புய்பாரே உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்க வேண்டியதில்லை. தரைப்படம் ஒரு கட்டத்தில், முப்பரிமாணக் காட்சி இன்னொரு கட்டத்தில், சாமான்களின் பட்டியல் வேறொரு கட்டத்தில் என ஒரே திரையில் எல்லாம் தெரியும். அக்காவின் மகன் பயன்படுத்தியது இவ்விரண்டும் அல்ல, வேறொன்று. ஆனால் எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே. குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் சுவரில் இடிக்குமா, நடைவழி மிஞ்சுமா என்பன பலகையை அறுக்கும் முன்பே தெரிந்துவிடுகின்றன. காகிதத் தரைப்படத்தைப் பார்த்துப் பழக்கமில்லாத அக்கா, திரையில் கண்டவுடன், “ஜன்னலை மறைக்குதே, வெளிச்சம் எப்படி வரும்?” என்று கேட்டுவிட்டார். அடுப்படியில் நிற்பவரே திட்டத்தைத் திருத்த முடிவது பெரிய நன்மை.

இனிக் குறைக்கு வருவோம். திரையில் பலகை வளைவதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் மீட்டர் அளவுகோலை இரு கத்தி முனைகளின் மேல் வைத்து, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, ஊசிமுனையின் இறக்கத்தை நகரும் நுண்ணோக்கியால் அளந்து யங் குணகம் கண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதன்று. படத்தில் இருந்த தட்டு 90 செ.மீ. நீளம், 55 செ.மீ. அகலம், 18 மி.மீ. தடிமன். பொருள் மரத்துகள் பலகை, அதாவது பார்ட்டிக்கிள் போர்டு. அதன் யங் குணகத்தை 2.5 கிகாபாஸ்கல் எனக் கொள்வோம். அரிசி, எண்ணெய், மளிகை எல்லாம் சேர்த்து 60 கிலோ சீராகப் பரவியிருக்கிறது, இரு முனைகளும் தாங்கப்பட்டுள்ளன என்றால், நடுவில் இறக்கம் ஏறத்தாழ 8.5 மி.மீ. வருகிறது. இது வைத்த அன்றைக்கு மட்டுமே. மரத்துகள் பலகை நீண்ட நாள் சுமையில் மேலும் மேலும் தொய்யும் இயல்புடையது. நடுவே பாதாளம் போல் குழிந்த தட்டும், மூட மறுக்கும் கதவும் பல வீடுகளில் நாம் காண்பவையே.

இதற்கு மாற்று என்ன? ஒரு நீளத்திற்கு இவ்வளவு சுமை என்பது மாறாதிருந்தால், இறக்கம் நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தட்டின் நடுவே ஒரு செங்குத்துப் பலகையை நிறுத்திவிட்டால் நீளம் பாதியாகிறது, இறக்கம் பதினாறில் ஒரு பங்காக, அரை மில்லிமீட்டருக்குக் குறைகிறது. தடிமன் கூடினாலோ அதன் மும்மடிக்கு ஏற்ப இறக்கம் குறையும். ஒரே ஒரு பலகைத் துண்டின் செலவு! மென்பொருள் அதைச் சொல்லவில்லை. கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் சுமையைக் கணக்கிடும் என்பது உண்மை. ஆனால் சமையலறைக்கு அவற்றை யார் கொண்டுவரப் போகிறார்கள்?

அடுத்தது உயரம். படத்தில் சமையல் மேடை தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் இருந்தது, மென்பொருள் தானாகக் கொடுத்த அளவு அது. மேல்நாட்டுச் சமையலறையில் அடுப்பு மேடைக்குள்ளேயே பதிந்திருக்கும். நம் வீட்டு அடுப்போ மேடையின் மீது கால் ஊன்றி நிற்கிறது. அக்கா வீட்டு அடுப்பின் உயரம் 15 செ.மீ. அதன் மேல் 20 செ.மீ. உயரமுள்ள குக்கர். கூட்டிப் பாருங்கள்: குக்கரின் விளிம்பு 125 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. அக்காவின் உயரம் 152 செ.மீ.; அவருடைய தோளே ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது! தோளளவுக்குக் கையைத் தூக்கி நாள்தோறும் கிளறினால் வலி வராமல் என்ன செய்யும்? அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் 75 செ.மீ.க்குத் தாழ்த்தினோம். தொட்டியின் அடிப்பகுதி மேடைக்குக் கீழே இருப்பதால் அந்தப் பக்கத்தைத் தாழ்த்தவில்லை. மேடை ஒரே மட்டமாக இல்லாதது பையனுக்கு வருத்தம். படத்தில் அழகு குறைகிறதாம்.

எனக்கு உண்மையாகவே கவலையளித்தது மூன்றாவது செய்தி. சிலிண்டரை ஓர் அலமாரிக்குள் வைத்து அழகான கதவு போட்டிருந்தான். 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 85 செ.மீ. உயரம், கொள்ளளவு 306 லிட்டர். சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அவற்றின் மூலக்கூறு எடை முறையே 44, 58. காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஆக, கசியும் வாயு காற்றைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அடர்த்தியானது. அது மேலெழுந்து ஜன்னல் வழியே போய்விடாது, தண்ணீரைப் போலத் தரையில் தங்கும். காற்றில் அது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றக்கூடிய கலவை உண்டாகிறது. 306 லிட்டரில் இரண்டு சதவீதம் 6 லிட்டர். எடையில் சுமார் 13 கிராம். நிறைந்த சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத கசிவு, மூடிய அலமாரியை ஆபத்தான பெட்டியாக்கிவிடும். எச்சரிப்பதற்கென்றே வாயுவில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். கதவு அந்த நாற்றத்தையும் அல்லவா அடைத்து வைக்கிறது?

கதவை நீக்கிவிட்டோம். அடுப்புக்கு நேர் கீழே இல்லாமல் பக்கத்தில், அடுப்பைவிடத் தாழ்வாக, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் திறந்த மாடம் ஒன்று. வெளிச்சுவரில் தரையை ஒட்டிக் காற்றுத் துளை. ரப்பர் குழாய் சுவரையோ பலகையையோ துளைத்துச் செல்லாமல், கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தோம்.

நீரைப் பற்றி எங்கள் பக்கத்து மக்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீரில் ஊறிய மரத்துகள் பலகை ரொட்டியைப் போல உப்பிவிடும். உலர்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. கீழ் அலமாரிகளுக்குச் செங்கல்லும் கடப்பைக் கல்லும், மேலே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டும் என்று முடிவு செய்தோம்.

இனிப் பெயர்ச்சீட்டுகள். திட்டத்தை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “இது என்ன சார், அறுநூறு?” என்பது. படம் மில்லிமீட்டரில் பேசுகிறது; அவர் கையோ அடி, அங்குலம், நூல் என்றே அளக்கிறது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். 600 மி.மீ. என்பது 23 அங்குலம் 5 நூல். “ரெண்டு அடின்னு வெச்சுக்கலாமே” என்றார். வைத்துக்கொள்ளக் கூடாது! பிளைவுட் 8 அடிக்கு 4 அடித் தாளாக வருகிறது. அகலவாட்டில் 600 மி.மீ. பட்டைகள் இரண்டு அறுத்தால், ரம்பம் தின்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டரும் போக மிச்சம் உண்டு. இரண்டு அடிப் பட்டை என்றாலோ ரம்பத்திற்கு இடமே இல்லை, இரண்டாவது பட்டை குறைந்துபோகும். ‘ஸ்வீட் ஹோம் 3டி’யில் அங்குலப் பின்னத்தைத் தேர்ந்தெடுத்தால் எட்டில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. நம் ஆசாரியின் நூல் கணக்கு அப்படியே வந்துவிடுகிறது! பிறகு அதிலேயே மீண்டும் வரைந்தோம்.

முதல் மென்பொருளில் தமிழில் பெயர் எழுத முயன்றதும் ஒரு வேடிக்கை. ‘பெருங்காயம்’ என்று தட்டினால், பகரம் முன்னே வந்து கொம்பு அதன் பின்னே தனியாக நின்றது. காரணம் இதுதான்: ஒருங்குறி முறையில் ‘பெ’ என்பது முதலில் பகரம், அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. குறியை எழுத்துக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்துவது திரையில் வடிவமைக்கும் நிரலின் வேலை. ‘கொ’ வந்தால் இரு புறமும் பிரித்து வைக்க வேண்டும். முப்பரிமாண எழுத்துகளை உருவாக்கும் பகுதியில் அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது 1991இல். தமிழக அரசு அதைத் தன் தரமாக ஏற்றது 2010இல். இன்னமும் ‘பெருங்காயம்’ என்று ஒழுங்காக எழுதத் தெரியாத மென்பொருளைத் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு எப்படிப் பரிந்துரைப்பது?

பெயர்ச்சீட்டு அலங்காரமன்று. நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பெயர்ச்சீட்டு கிடையாது. மூடியைத் திறந்தால் கடுகும் சீரகமும் தாமே தம்மைக் காட்டிக்கொள்கின்றன. கதவு போட்ட அலமாரி மறைக்கிறது. மறைப்பதால்தான் பெயர் தேவைப்படுகிறது. 1926இல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. இன்றைய மாடுலர் கிச்சனின் முன்னோடி அதுவே. மாவு, அரிசி, சர்க்கரை என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் அதில் வரிசையாக இருந்தன. மாவுக்கு மட்டும், புழு அண்டாதென்று ஓக் மரப் பெட்டி. கவனியுங்கள்: இன்ன பொருள் என்று முதலில் முடிவாகி, அதற்கேற்பப் பெட்டியின் பொருளும் அமைந்தது. நம் மென்பொருளில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பெட்டி முதலில் வருகிறது, பெயர் கடைசியில் ஒட்டப்படுகிறது.

நாங்கள் வரிசையைத் திருப்பினோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. அதில் பெயர், எடை, ஒரு நாளில் எத்தனை முறை எடுப்பது என்று மூன்று செய்திகள். அன்றாடம் எடுப்பவை முழங்கைக்கும் தோளுக்கும் இடையே. கனமானவை இடுப்புக்குக் கீழே. ஆண்டுக்கு ஒருமுறை இறங்கும் பித்தளை மட்டும் பரணில். சீட்டுகளைத் தரையில் பரப்பி அக்கா அடுக்கிய பிறகே பையன் கணிப்பொறியைத் திறந்தான். பதினோரு அலமாரிகள் எட்டாகிவிட்டன.

ஆய்வகம் இல்லாத வாசகர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் அளவுகோலை 80 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் வையுங்கள். நடுவில் ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டு, நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இடைவெளியை 40 செ.மீ. ஆக்கி அதே எடையைத் தொங்கவிடுங்கள். இறக்கம் எட்டில் ஒரு பங்காகும். அலமாரித் தட்டில் பதினாறில் ஒரு பங்கு என்று சொன்னேன், இங்கே எட்டில் ஒரு பங்கு ஏன்? இங்கே நீளம் பாதியானாலும் எடை பாதியாகவில்லை. அலமாரியிலோ தட்டு பாதியாகும்போது அதன் மேலுள்ள அரிசியும் பாதியாகிவிடுகிறது.