தோன்றா எழுவாய்

வினைக்குரியவர் யார் என்பது சொற்றொடரில் வெளிப்படாது நிற்பதைத் 'தோன்றா எழுவாய்' என்று நம் இலக்கணம் குறிக்கும். எழுவாய் இன்னதெனக் கேட்போர்க்கு விளங்குமிடத்து அதனைக் கூறாது விடுதல் நடையழகு. விளங்காவிடத்தும் விடுதல் நடையழகு ஆகுமா? இவ்வினாவை நாளிதழ் நடைக்கும் பொருத்திப் பார்த்தல் திறனாய்வின் கடன். அதற்கு நம் திருவனந்தபுரமே மறக்கவொண்ணாச் சான்று தருகின்றது.

1994 அக்டோபரில் மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா இந்நகரில் கைது செய்யப்பட்டார். நவம்பர் 30 அன்று, நாகர்கோவிலிற் பிறந்தவரும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கிரையோஜெனிக் திட்டத்திற்குப் பொறுப்பேற்றிருந்தவருமான நம்பி நாராயணன் கைதானார். ராக்கெட் இரகசியங்களை அயலார்க்கு விற்றனர் என்பது குற்றச்சாட்டு. அயல்நாட்டுப் பெண், பணம், இரகசியம் எனத் துப்பறியும் நாவலுக்குரிய உறுப்புகள் யாவும் அமைந்துவிடவே, நாளிதழ்கள் அதனைத் தொடர்கதைபோல் வளர்த்தன. ஐயம் எழுப்பிய இதழாளர் மிகச் சிலரே.

இத்தகைய செய்திகளின் வினைமுற்றுகளை நோக்குவோம். 'தெரிய வருகிறது', 'நம்பப்படுகிறது', 'கூறப்படுகிறது' என்பனவே அவை. தெரிய வந்தது யாருக்கு? நம்பியவர் யார்? மறைந்துள்ள எழுவாயைத் தேடிச் சென்றால், பெரும்பாலும் காவலில் நடந்த விசாரணையையே சென்றடைவோம். இதழ்கள் பலவாயினும் ஊற்று ஒன்றே. பல சான்றுகளென நாம் எண்ணியவை ஒரே குரலின் எதிரொலிகள்.

கதையின் உட்பொருத்தத்தையேனும் வாசகர் உசாவியிருக்கலாம். அமெரிக்காவின் நெருக்குதலால் ரஷ்யா கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது 1993இல். இந்தியா தானே உருவாக்கிய அவ்வகை இயந்திரம் வெற்றியுடன் பறந்ததோ 2014 ஜனவரி 5 அன்று. 1994இல் கைவரப்பெறாத ஒன்றை விற்பது எங்ஙனம்?

குற்றச்சாட்டுகள் பொய்யென மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் அறிக்கை அளித்தது. மாநில அரசின் மறுவிசாரணை முயற்சியை உச்ச நீதிமன்றம் 1998இல் தள்ளியது. 2018 செப்டம்பர் 14 அன்று, அக்கைது தேவையற்றது எனக் கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2019இல் பத்மபூஷண் விருதும் வந்தது. கைதுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ 24 ஆண்டுகள்.

செய்தி தந்தவரைக் காட்டிக் கொடுத்தல் இதழறம் ஆகாதே என்பார் உளர். உண்மையே. ஆயின் பெயரை மறைத்தல் வேறு. சொன்னவர் எத்தரப்பினர், அவர்க்கு அதில் நலன் உண்டா என்பதை மறைத்தல் வேறு. திவானைக் கடுமையாகக் கண்டித்து எழுதியமைக்காக 1910இல் திருவிதாங்கூரிலிருந்து நாடுகடத்தப்பட்ட சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை வாழ்ந்ததும் இந்நகரே. அவர் தாம் சொல்வதற்குத் தாமே எழுவாயாய் நின்றார், விலையும் கொடுத்தார்.

சேரநாட்டார் இயற்றியதெனப் போற்றப்படும் சிலப்பதிகாரத்தில், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே பாண்டியனுக்குப் போதுமானதாயிற்று. அச்சொல்லால் அவன் அடையும் பயன் யாது என மன்னன் வினவவில்லை; தீர்ப்புக்குப் பின்னரே உண்மை அவைக்கு வந்தது. நாளும் காலையில் நாளிதழை விரிக்கும் நாமும் அவ்வரியணையிலேயே அமர்கின்றோம். சொன்னவர் யார், அவர்க்கு எங்ஙனம் தெரியும், மறுதரப்பு என்ன கூறிற்று என்னும் மூன்றும் விளங்கும்வரை தீர்ப்பை நிறுத்திவைப்பதே வாசகர்க்குரிய செங்கோன்மை.