மாளிகை யாருக்கு?

ஏழையின் வியர்வையில் எழுந்த மாளிகை இடிந்து விழட்டுமே, அதற்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், முடிவு சரிதானா? இங்கிலாந்து நாட்டு மாளிகை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

யார்க்‌ஷயரில், ராதரம் நகருக்கு அருகே நிற்கிறது வென்ட்வொர்த் உட்ஹவுஸ். முகப்பின் நீளம் மட்டும் 606 அடி! அறைகளோ முந்நூறுக்கு மேல். 18ஆம் நூற்றாண்டில் ராக்கிங்காம் பிரபுக்கள் எழுப்பியது. பின்னர் ஃபிட்ஸ்வில்லியம் பிரபுக்களின் கைக்கு வந்தது. அவர்களது செல்வத்தைப் பெருக்கியது நிலத்தடி நிலக்கரி. அதைப் பிரபுவா வெட்டினார்? இருட்டுச் சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவனன்றோ வெட்டினான்!

1946இல் தொழிற்கட்சி அரசின் எரிபொருள் அமைச்சர் ஷின்வெல், மாளிகையின் வாசலருகே வரை நிலத்தைத் தோண்டி நிலக்கரி எடுக்க ஆணையிட்டார். தோட்டம் பாழாயிற்று. எதிர்த்தவர் பிரபு மட்டுமா? யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜோ ஹாலும் பிரதமர் அட்லியிடம் முறையிட்டார். அடிமை மனம் என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அப்படி எண்ணவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தம் உழைப்பு கலந்த இடத்தின்மீது தொழிலாளருக்கும் உரிமை உண்டு.

அவ்வுரிமைக்கு ஒரு வடிவம் விரைவிலேயே கிடைத்தது. பிரபு குடும்பத்தில் பிறந்தும் சமதர்மம் பேசிய மேபல் சீமாட்டியின் பெயரால், உடற்பயிற்சி ஆசிரியைகளை உருவாக்கும் கல்லூரி 1950 அளவில் அங்கே இயங்கத் தொடங்கியது. 1988 வரை அம்மாளிகை கல்விக்கூடமாக விளங்கியது. விருந்து நடந்த வீட்டில் பெண்கள் கற்றனர் என்னும் செய்தி, ஆசிரியத் தொழில் புரியும் நமக்குத் தேனாக இனிக்கிறது.

அதன்பின் மீண்டும் தனியார் உடைமை, ஒழுகும் கூரை. பழுது பார்க்க 76 லட்சம் பவுன் தருவதாக 2016இல் அரசு அறிவித்தது. 2017இல் ஓர் அறக்கட்டளை 70 லட்சம் பவுன் கொடுத்து மாளிகையை வாங்கிற்று. முதலில் கூரையைச் செப்பனிட்டனர், அறிவுடைய செயல். மழைநீர் இறங்கும் வீட்டில் சித்திரத்துக்கு வண்ணம் தீட்டி என்ன பயன்?

ஆனால் கூரை சீரானால் போதுமா? 2019இல் வெளிவந்த ‘டவுன்டன் ஆபி’ திரைப்படத்தின் நடனக் காட்சி இம்மாளிகையில் எடுக்கப்பட்டது. படப்பிடிப்பும் திருமணமும் வருவாய் தரும். பராமரிப்புக்கு அது தேவை. எனினும், வாடகை தருபவருக்கும் கட்டணம் செலுத்துபவருக்கும் மட்டுமே கதவு திறக்குமானால், அது உடைமை மாற்றமே தவிர உரிமை மாற்றமாகாது.

ஆகவே, பொதுப்பணத்தில் புதுப்பிக்கும் எந்த மாளிகையையும் நாம் இரண்டு கேள்விகளால் உரைத்துப் பார்ப்போம். சுரங்கத் தொழிலாளியின் பேரன் காசில்லாமலும் அங்கே வந்து கற்க முடியுமா? அவனுடைய பாட்டன் வெட்டிய கரியின் கதையை, பிரபுவின் ஓவியம் தொங்கும் அதே சுவர் சொல்லுமா?

இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால், மாளிகை நிற்கட்டும். இடித்துவிட்டால் சுரண்டலுக்குச் சான்றும் கல்லோடு கல்லாகப் போய்விடும், தோழர்களே!